சொல்லும் சடங்கும்: இடைக்கால ஐரோப்பாவின் மந்திரச் சுவடிகளைப் பயில்வோர் கேட்கும் கேள்விகள்

10-ஆம் நூற்றாண்டு தொடங்கி 15-ஆம் நூற்றாண்டு முடிய மேற்கு ஐரோப்பாவில் எழுதப்பட்ட மந்திரச் சுவடிகளைப் படிக்கப் புகுவோருக்கு எழும் கேள்விகளை ஒருசேர வைத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். மூடநம்பிக்கையின் எச்சம் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்த சுவடிகள் இவை. அந்தப் புறக்கணிப்பால் இழந்தது அதிகம் என்பது என் எண்ணம். வாயிலிருந்து புறப்படும் ஒரு சொல் உலகில் எதையேனும் மாற்ற வல்லதா, வல்லதென்றால் அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று அக்காலத்தார் எவ்வளவு ஊன்றி எண்ணினார்கள் என்பதை இச்சுவடிகளில்தான் நேரடியாகக் காண முடிகிறது.

மந்திரச் சுவடிகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு வகை எழுத்துகள் அடங்குகின்றன. மருத்துவக் குறிப்புகளுக்கு நடுவிலோ செபப் புத்தகத்தின் வெற்றுத்தாளிலோ எழுதி வைக்கப்பட்ட சிறு மந்திரிப்பு வாசகங்கள் ஒரு வகை. இரத்தம் நிற்க, காய்ச்சல் இறங்க, பிரசவம் எளிதாக, களவு போன மாடு திரும்பி வர என்று அன்றாடத் தேவைகளுக்காக ஓதப்பட்டவை அவை. கோள்களின் ஓரையைக் கணித்து உலோகத்தில் உருவம் பொறிக்கும் கலை இரண்டாவது வகை. இது பெரும்பாலும் அரபு மொழியிலிருந்து வந்தது. மேற்கில் பிக்காட்ரிக்ஸ் என்று பெயர் பெற்ற நூல் அரபியிலிருந்து காஸ்தீலிய மொழிக்கு (பழைய ஸ்பானிய மொழி) 1256-ஐ ஒட்டி, அரசர் பத்தாம் அல்போன்சோவின் ஆதரவில் பெயர்க்கப்பட்டு, பின்னர் லத்தீனுக்குச் சென்றது. ஆவிகளைப் பெயர் சொல்லி அழைத்து, ஆணையிட்டுக் கட்டும் நூல்கள் மூன்றாவது வகை. தேவதூதர்களை வேண்டிக் கல்வியும் நினைவாற்றலும் பெற முயலும் நூல்கள் நான்காவது வகை. அவற்றில் பெயர் பெற்றது ஆர்ஸ் நோட்டோரியா. சுவடிகளில் இவ்வகைகள் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சடங்கும் சொல்லும் எப்படி இணைந்திருந்தன? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

விளைச்சல் குன்றிய வயலுக்காக 11-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு சடங்கு இப்போது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இயேசுவின் வாழ்க்கையைப் பழஞ்செருமானிய மொழியில் பாடும் காப்பியம் ஒன்று அடங்கிய அதே சுவடியில்தான் இதுவும் இருக்கிறது.

பொழுது விடியுமுன் நிலத்தின் நான்கு பக்கங்களிலிருந்தும் புல்லோடு நான்கு மண்கட்டிகளைப் பெயர்த்தெடுக்க வேண்டும். எது எந்த இடத்தில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். எண்ணெய், தேன், புளிக்கவைக்கும் நொதி, அந்த நிலத்தில் உள்ள ஒவ்வொரு மாட்டின் பால், அங்கே வளரும் மரங்களில் வைரம் பாய்ந்தவை நீங்கலாக ஒவ்வொன்றிலும் சிறிது, பெயர் தெரிந்த ஒவ்வொரு பூண்டிலும் சிறிது ஆகியவற்றைச் சேர்த்து, அவற்றின்மேல் தீர்த்தம் விட்டு, கட்டிகளின் அடிப்பக்கத்தில் மும்முறை சொட்ட விட வேண்டும். அப்போது சொல்ல வேண்டியது, ஆதியாகமத்தில் கடவுள் சொன்ன வாக்கு: "பலுகிப் பெருகிப் பூமியை நிரப்புங்கள்." பிறகு கட்டிகளைக் கோயிலுக்கு எடுத்துச் சென்று, பசும்பக்கம் பீடத்தை நோக்கி இருக்க, குருவானவர் நான்கு பூசை வைக்க வேண்டும். கதிரவன் மறையுமுன் அவற்றை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். நற்செய்தியாளர் நால்வரின் பெயர்கள் முனைகளில் எழுதப்பட்ட மரச் சிலுவைகள் அக்குழிகளின் அடியில் கிடக்கும்.

இதோடு முடியவில்லை. பிச்சைக்காரர்களிடமிருந்து இன்னதென்று அறியாத விதையை வாங்கி, வாங்கியதைப் போல் இரு மடங்கை அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். ஏர்மரத்தில் துளையிட்டுச் சாம்பிராணியும் பெருஞ்சீரகமும் புனிதப்படுத்திய சவுக்காரமும் உப்பும் வைக்க வேண்டும். அப்போது ஓதும் பாட்டு "எர்ச்சே, எர்ச்சே, எர்ச்சே, மண்ணின் தாயே" என்று தொடங்குகிறது. முதற்சால் ஓட்டியதும், பாலும் தீர்த்தமும் விட்டுப் பிசைந்து சுட்ட அப்பத்தை அதனடியில் வைக்க வேண்டும்.

இந்தப் பாட்டை மட்டும் தனியே வெட்டியெடுத்துப் பழைய பூமித்தாய் வழிபாட்டின் எச்சம் என்று காட்டுவது 19-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களின் வழக்கமாக இருந்தது. அது பெரும் பிழை என்றே நினைக்கிறேன். பாட்டுக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு மாட்டின் பாலும் ஒவ்வொரு பூண்டும் சேரும்போது அந்த நிலமே சிறு அளவில் குருவானவரின் முன் கொண்டுவரப்படுகிறது என்பது விளங்கும். வாக்கு மண்ணை எட்டுவதற்கான வழியைக் கைகள் அமைக்கின்றன. "எர்ச்சே" என்பதன் பொருள் இன்றுவரை துலங்கவில்லை. ஆயினும் அது எந்த இடத்தில், எந்தக் கருவியின்மேல், எந்த வேளையில் சொல்லப்பட்டது என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும்.

இதை எழுதியவர் தாம் மந்திரம் செய்வதாக நினைத்தாரா?

இல்லை. நிலம் நன்றாக விளையாவிட்டாலோ, சூனியத்தால் அதற்குக் கேடு நேர்ந்திருந்தாலோ அதற்கான பரிகாரம் இது என்றுதான் அந்தச் சுவடியே தொடங்குகிறது. எழுதியவருக்குச் சூனியம் என்பது பிறர் செய்தது, தம்முடையது பரிகாரம். ஆகவே 'மந்திரம்' என்று நாம் சூட்டும் பெயரைக் கைக்கு வசதியான ஒரு பிடியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதையே முடிவாகக் கொள்ளலாகாது. தமிழில் எழுதும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். செபம், மந்திரிப்பு, ஆணையிட்டுக் கட்டுதல், ஏவல், தாயத்து ஆகிய சொற்கள் நமக்கு வெவ்வேறு செயல்களைக் குறிப்பவை. லத்தீன் வாசகம் வேண்டுகிறதா, வாழ்த்துகிறதா, கட்டளையிடுகிறதா என்று பார்த்து, அதற்கேற்ற சொல்லைத் தேர்ந்துகொள்வதே நேர்மையான மொழிபெயர்ப்பு.

ஒரு கதையைச் சொன்னால் எலும்பு கூடும் என்று எப்படி நம்பினார்கள்?

ஜெர்மனியின் மெர்செபுர்க் நகரத்துப் பேராலய நூலகத்தில் 1841-இல் கண்டெடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டே மொழியறிஞர் யாக்கோப் கிரிம் வெளியிட்ட இரண்டு வாசகங்களில் ஒன்று குதிரையின் சுளுக்கிய காலுக்கானது. தேவர்கள் காட்டுக்குள் குதிரையேறிப் போனார்கள், ஒரு குதிரைக்குக் கால் பிசகியது, தேவியர் ஓதினர், பின்னர் தேவர்தலைவனாகிய வோடன் தனக்குத் தெரிந்தபடி ஓதினான் என்று கதை செல்கிறது. உடனே கதை நின்று, கட்டளை தொடங்குகிறது: "எலும்போடு எலும்பு, குருதியோடு குருதி, மூட்டோடு மூட்டு, பசையிட்டு ஒட்டியதுபோல்." கதையில் தேவன் சொன்ன சொல்லும் கொட்டிலில் குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் சொல்லும் சொல்லும் ஒன்றேயாகிவிடுகின்றன. அன்று நடந்ததை இன்றைய நோவின்மேல் கொண்டுவந்து பொருத்தும் முறை இது.

கிறிஸ்தவ வாசகங்களிலும் இதே அமைப்பு உண்டு. இரத்தப்போக்கை நிறுத்த ஓதப்பட்ட வாசகங்களில் பரவலாக வழங்கிய ஒன்று, யோர்தான் ஆற்றின் நீர் ஓடாமல் நின்றதைச் சொல்லி, அதுபோல இந்த இரத்தமும் நிற்கட்டும் என்கிறது. அதர்வ வேதத்தின் நான்காம் காண்டத்தில், முறிந்த உறுப்பைக் கூட்டும் பாடல் ஒன்று எலும்பு மச்சையோடு மச்சை, தோலோடு தோல் என்று இணைத்துப் பாடுவதை மொழியறிஞர் அடால்பெர்ட் கூன் 1864-இல் மெர்செபுர்க் வாசகத்தோடு வைத்துக் காட்டினார். இரண்டுக்கும் பொதுவான மூலம் உண்டா, அல்லது முறிந்த எலும்பைக் கண்ட எவர் நாவிலும் இவ்வாறான வரி தானே வருமா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

பொருளே விளங்காத சொற்களை ஏன் ஓதினார்கள்?

இரு வேறு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, வாய்வழியாகவும் படியெடுப்பாலும் நேர்ந்த சிதைவு. கிரேக்க, எபிரேயத் திருப்பெயர்கள் அம்மொழிகளை அறியாதவர்கள் கையில் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து, வேறு உருக்கொண்டன.

இரண்டாவது, வேண்டுமென்றே காக்கப்பட்ட புரியாமை. இதுவே ஆராயத் தக்கது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய ஆர்ஸ் நோட்டோரியா, சாலமோன் அரசருக்குத் தேவதூதர் அருளியது என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இலக்கணம், தருக்கம், இசை முதலிய கலைகள் ஒவ்வொன்றுக்கும் உரிய வரைபடத்தைக் கண்ணால் நோக்கிக்கொண்டு, நோன்பிருந்து, குறித்த நாள்களில் குறித்த வேளைகளில் செபங்களைச் சொன்னால் ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டியது விரைவில் கைவரும் என்பது அதன் உறுதிமொழி. அச்செபங்களில் புரியாத பெயர்கள் நீண்ட வரிசையாக வருகின்றன. இவற்றின் ஆழத்தை லத்தீன் தாங்காது என்பது நூலின் நிலைப்பாடு. பெயர்வரிசையை அடுத்து, விளங்கக்கூடிய லத்தீன் செபம் ஒன்று வருகிறது. ஓதுபவர் புரிந்தும் புரியாமலும் மாறி மாறி நடக்கிறார். அந்த நடையே இச்சடங்கின் உயிர் என்பது என் கருத்து.

அக்கால அறிஞர்கள் சொல்லின் ஆற்றலை எப்படி விளக்கினார்கள்?

இங்கேதான் கருத்து வேறுபாடு மிகக் கூர்மையாகிறது. ஒவ்வொரு நாளும் பீடத்தில் குருவானவர் "இது என் உடல்" என்று சொன்னதும் அப்பம் மாறுகிறது என்பதைத் திருச்சபை 1215-இல் லாத்தரன் பொதுச்சங்கத்தில் வரையறுத்துச் சொல்லியிருந்தது. ஒரு வாக்கியம் பொருளின் இயல்பையே மாற்றும் என்பதை ஏற்றுக்கொண்ட சமூகம், வேறு வாக்கியங்கள் ஏன் எதையும் மாற்றாது என்று சொல்ல வேண்டிய நிலையில் இருந்தது.

5-ஆம் நூற்றாண்டில் மறைந்த இறையியலார் அகுஸ்தீனார் போட்ட அடித்தளம் ஒன்று உண்டு. சொல் என்பது குறி. குறி வேலை செய்ய இருவருக்கிடையே உடன்பாடு வேண்டும். மந்திரக் குறிகளில் அந்த உடன்பாடு பேய்களோடு செய்யப்பட்டது என்றார் அவர். இதற்கு நேர் எதிரான விளக்கம் பாக்தாதிலிருந்து வந்தது. 9-ஆம் நூற்றாண்டின் மெய்யியலார் அல்-கிந்தி எழுதியதாக லத்தீனில் மட்டும் எஞ்சியிருக்கும் ஒரு நூல், உலகில் உள்ள அனைத்தும் கதிர்களை வீசுகின்றன, வேட்கையோடும் உறுதியோடும் உச்சரிக்கப்படும் சொல்லும் அவ்வாறே கதிர் வீசிப் பொருள்களைத் தாக்குகிறது என்கிறது. இதன்படி கேட்பவர் எவரும் தேவையில்லை. தீயின் வெப்பம் போலச் சொல்லின் வினையும் இயற்கையானது.

1228 முதல் 1249 வரை பாரிசின் ஆயராக இருந்த ஓவெர்ன் வில்லியம் இதை ஏற்கவில்லை. ஆற்றல் எதில் இருக்கிறது, அடிபட்ட காற்றிலா, ஒலியின் வடிவத்திலா, குறிக்கப்படும் பொருளிலா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்து, ஒவ்வொன்றையும் தள்ளினார். அடுத்த தலைமுறையில் ஆங்கிலேய அறிஞர் ரோஜர் பேகன் மறுபக்கம் சாய்ந்தார். ஆழ்ந்த சிந்தனை, பெருவிருப்பம், நேரிய நோக்கம், உறுதியான நம்பிக்கை ஆகிய நான்கும் கூடிச் சொல்லப்படும் சொல்லுக்குப் பெரும் வலிமை உண்டு என்றும், சொல்லே அறிவுள்ள ஆன்மாவுக்கு மிகவும் உரிய கருவி என்றும் எழுதினார். அதே மூச்சில், மந்திரவாதிகளின் எழுத்துகளையும் வாசகங்களையும் கடிந்தார்.

இவர்கள் எல்லாரினும் 13-ஆம் நூற்றாண்டு இறையியலார் தாமஸ் அக்குவினாசின் வாதமே இன்றும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. மந்திர வாசகங்களின் இலக்கணத்தைப் பாருங்கள் என்கிறார் அவர். அவை அழைக்கின்றன, இறைஞ்சுகின்றன, ஆணையிடுகின்றன. இவை யாவும் புரிந்துகொள்ளும் ஒருவரை நோக்கிப் பேசும் பேச்சு. பொருளுள்ள சொல் அறிவை மட்டுமே அசைக்க வல்லது. கல்லையும் எலும்பையும் அசைக்காது. ஆகவே யாரோ ஒருவர் கேட்டுச் செய்கிறார். களவுக்கும் காமத்துக்கும் துணை நிற்கும் அந்த ஒருவர் நல்லவராக இருக்க முடியாது. முடிவு அகுஸ்தீனாருடையதே, ஆனால் வழி, வாசகத்தின் வினைச்சொற்களைக் கவனித்துப் படிப்பதால் கிடைத்தது. மந்திரத்தை மறுத்தவரே மந்திரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு நல்ல பாடம் தந்திருக்கிறார். 1398-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் இறையியல் துறை மந்திரம் பற்றிய 28 கூற்றுகளைக் கண்டித்தபோது, நல்ல செபங்களும் நோன்பும் கலந்திருப்பதால் இக்கலைகள் குற்றமற்றவை ஆகிவிடும் என்ற எண்ணமும் அப்பட்டியலில் இருந்தது.

இந்நூல்களை வைத்திருந்தவர்கள் யார்?

பெரும்பாலும் திருச்சபைக்குள் இருந்தவர்களே. ஆவியை ஆணையிட்டு அழைக்கும் வாசகத்தையும் பேயோட்டும் சடங்கின் வாசகத்தையும் அருகருகே வைத்தால் நடையும் சொல்லாட்சியும் ஒன்றாகவே இருக்கின்றன. பேயோட்டுநர் என்பது அக்காலத்தில் இளம் குருமாணவர் பெற்ற சிறு பட்டங்களில் ஒன்று. ஆகவே லத்தீன் தெரிந்த, வேலை அமையாத, பட்டம் மட்டும் பெற்ற பலருக்கு இந்த மொழி கைவந்திருந்தது. மியூனிக் நூலகத்தில் உள்ள 15-ஆம் நூற்றாண்டுக் கைந்நூல் ஒன்றை 1997-இல் பதிப்பித்த வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் கீக்ஹெஃபர் இவர்களைக் குருமார் உலகின் நிழலடுக்கு என்ற பொருளில் அழைத்தார். கான்டர்பரியின் புனித அகுஸ்தீன் மடத்துத் துறவிகளும் இத்தகைய நூல்களைச் சேகரித்து வைத்திருந்தனர்.

தனி மனிதரின் குரல் கேட்க வேண்டுமானால், பிரான்சின் மோரிஞி மடத்துத் துறவி ஜான் எழுதியதைப் படிக்க வேண்டும். ஆர்ஸ் நோட்டோரியாவைப் பயின்று, அச்சுறுத்தும் காட்சிகளைக் கண்டு கலங்கி, கன்னி மரியாவின் அறிவுரையால் அதை விட்டதாகவும், அவளுடைய அனுமதியோடு புதிய செபங்களை இயற்றியதாகவும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதினார். எழுதப் படிக்கக் கற்க விரும்பிய தம் இளைய சகோதரிக்கும் இக்கலையைக் கற்பித்ததாகவும், அவள் விரைவில் கற்றுக்கொண்டதாகவும், பின் அவளையும் அச்சம் பற்றிக்கொண்டதாகவும் சொல்கிறார். கண்டிக்கப்பட்ட கலைக்கு வேறு பெயர் சூட்டிப் புதுப்பிக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டில் அவருடைய நூல் 1323-இல் பாரிசில் எரிக்கப்பட்டது. ஆயினும் படிகள் பல நாடுகளின் நூலகங்களில் எஞ்சியிருக்கின்றன.

பெண்களின் பயன்பாட்டுக்குச் சான்று உண்டா?

எழுத்தில் குறைவு, பொருளில் உண்டு. லண்டன் வெல்கம் சேகரிப்பில் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒரு தோற்சுருள் இருக்கிறது. அகலம் சுமார் 10 சென்டிமீட்டர், நீளம் மூன்று மீட்டருக்கும் மேல். சிலுவையும் செபங்களும் எழுதப்பட்ட இச்சுருளைப் பிரசவ வேளையில் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள் என்று கருதப்பட்டது. 2021-இல் வெளியான ஆய்வில், தோலில் ஒட்டியிருந்த புரதங்களிலிருந்து தேன், பால், முட்டை, தானியம் ஆகியவற்றின் தடயங்களும், பிரசவத்தோடு தொடர்புடைய உடல்நீரின் தடயமும் கிடைத்தன. மை பல இடங்களில் தேய்ந்து மங்கியிருக்கிறது. படிக்கப்பட்டதைவிட அதிகமாக அணியப்பட்ட எழுத்து அது.

நம் காலத்து மானுடவியல் இவற்றைப் படிக்க எவ்வகையில் உதவுகிறது?

இலங்கைத் தமிழரான மானுடவியலார் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா 1968-இல் வெளியிட்ட, சொற்களின் மந்திர ஆற்றல் பற்றிய கட்டுரை இத்துறையில் எல்லாரும் தொடும் படிக்கல். பசிபிக் தீவுகளில் முன்னோடி மானுடவியலார் மாலினோவ்ஸ்கி திரட்டிய வாசகங்களையும் இலங்கையின் சிங்களச் சாந்திச் சடங்குகளையும் அவர் சேர்த்து ஆராய்ந்தார். அச்சடங்குகளின் மந்திரங்களில் சிங்களத்தோடு சமஸ்கிருதம், பாலி, தமிழ் முதலிய மொழிகள் கலந்து வருகின்றன; மந்திரம் பேய்களுக்கு விளங்க வேண்டியது, சூழ இருக்கும் மக்களுக்கு உரியவை பாடல்களும் வேண்டுதல்களும் என்று சடங்குக்குள்ளேயே மொழிகள் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்பதை அவர் காட்டினார். ஆர்ஸ் நோட்டோரியாவின் புரியாத பெயர்களுக்கும் புரியும் செபங்களுக்கும் இடையிலான உறவை எண்ணிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை.

பின்னர் அவர், சில சொற்கள் சொல்லப்படும்போதே செயலாகிவிடுகின்றன என்ற மெய்யியலார் ஜே. எல். ஆஸ்டினின் கருத்தையும் சடங்குக்குப் பொருத்தினார். பெயர் சூட்டுதல், வாக்களித்தல் போன்றவை இதற்கு எடுத்துக்காட்டு. இவ்விளக்கத்தை அளவோடு கையாள வேண்டும். பெயர் சூட்டுவது மனிதர்களின் ஒப்புதலால் நிறைவேறுவது. குதிரையின் காலைப் பிடித்திருந்தவரோ எலும்பு உண்மையிலேயே கூட வேண்டும் என்று ஓதினார். அந்த எதிர்பார்ப்பைக் குறியீடு என்று மாற்றிச் சொல்லிவிட்டால், அவர் நம்பியதை நாம் கேட்க மறுத்தவர்களாவோம்.

இவை பலித்தனவா?

பல வாசகங்களின் இறுதியில் "சோதித்துக் கண்டது" என்று லத்தீனில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பயன்படுத்தியவரின் சாட்சியாக மட்டும் கொள்ளலாம். எல்லாச் சொல்லும் ஆற்றலுக்காகச் சொல்லப்பட்டதும் அன்று; கடிகாரம் இல்லாத அடுக்களையில், விவிலியச் சங்கீதம் ஒன்றைச் சொல்லி முடிக்கும் நேரம் கொதிக்க விடு என்று மருந்துக் குறிப்புகள் சொல்லும்போது செபம் நேரம் காட்டுகிறது.

கையெழுத்துப் படியை முதன்முதலாகப் பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

அச்சுப் பதிப்பில் பெரும்பாலும் மங்கிவிடும் இரண்டு சிறு குறிகளை முதலில் தேடுங்கள். சொற்களுக்கு நடுவே சிறு சிலுவைகள் வரும். அழகுக்காகப் போட்டவை என்று கடந்துவிட வேண்டாம். அந்த இடத்தில் ஓதுபவரின் கை நோவின்மேலோ காற்றிலோ சிலுவை வரைந்தது. சொல் நின்று கை அசைந்த இடங்கள் அவை. வாய்விட்டு ஓதி, சிலுவை வரும் இடமெல்லாம் கையை அசைத்துப் பார்த்தால் வாசகத்தின் தாளமே மாறுவது தெரியும்.

அடுத்தது, தனித்து நிற்கும் 'N' என்ற லத்தீன் எழுத்து. பெயர் என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து அது. "கடவுளின் ஊழியராகிய இன்னார்" என்று வரும் இடத்தில் நோயாளியின் பெயரையோ ஓதுபவரின் பெயரையோ இட்டுச் சொல்வதற்காக விடப்பட்ட வெற்றிடம். சில படிகளில் அந்த இடம் நிரம்பியிருக்கும். 15-ஆம் நூற்றாண்டில் போலந்து அரச குலத்தவர் ஒருவருக்காக எழுதப்பட்டு, இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் செபப் புத்தகத்தில், மோரிஞி ஜானின் செபங்களிலிருந்து எடுத்த பகுதிகள் படிகக் கல்லுக்குள் மறைபொருளைக் காணும் வேண்டுதலோடு சேர்ந்து வருகின்றன. வெற்றிடம் இருந்திருக்க வேண்டிய இடத்திலெல்லாம் "தகுதியற்ற பாவியாகிய நான், விளாதிஸ்லாவ்" என்று அவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.